கிணற்று ஸ்டுடியோ

— அப்படின்னா உப்புப்பிணம்கிறது நீங்கதானா?

— ஆமாக்கா. சத்தியமா நான்தான். அது போன்ல எங்க பாட்டு குரூப்புல வச்சுக்கிட்ட பேரு. சொந்தப் பேரு பெனோ. தூத்துக்குடி.

— பாத்தா கோயிலுக்குப் போற பிள்ளை மாதிரில்லா இருக்கீங்க. தலை நெறைய எண்ணெய், சட்டைய உள்ள விட்டு பெல்ட்டு. நான் தலைவிரிகோலமா, எலும்புக்கூடு போட்ட பனியனோட ஒரு ஆளு எறங்கும்னு இந்தப் புளியமரத்தடியில நின்னு ஒவ்வொரு பஸ்ஸா பாத்துக்கிட்டு இருந்தேன்.

— பனியன் பைக்குள்ள இருக்கு. வீட்டுல கொயர் பிராக்டீஸ்னு சொல்லிட்டு வந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை எங்க கோயில்ல டிரம்ஸ் வாசிக்கதே நான்தான்க்கா. நீங்க…

— நான் சுடலைச்செல்வி. உங்க கரிசல்பூதத்தோட அக்கா.

— குமாரு அக்காவா? தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குத அக்காதானே? உங்களப் பத்தி நெறைய சொல்லியிருக்கான்.

— என்ன சொன்னான்?

— அது வேண்டாம்க்கா.

— சொல்லுங்க. இந்த வாய்க்கு நான் கேக்காத பேச்சா.

— எங்க அக்கா ஒரு சத்தம் போட்டான்னா உங்க ஆம்ப்ளிபயரு எல்லாம் பொகைஞ்சு போவும்லேம்பான்.

— ம். சொல்லுவான். பையக் கொண்டாங்க, நான் தூக்குதேன்.

— வேண்டாம்க்கா, கனம் இல்ல. அவன் ஏன் வரல? இன்னும் கோவமா இருக்கானா?

— என்ன கோவம்?

— எங்க மேலதான். நாங்க மூணு பேரு சேந்து ஒரு பாட்டு போட்டோம்லா, 'பாளம்'னு. கேக்காம அதை நெட்டுல ஏத்திட்டோம். அதுல இருந்து ஆளு சரியாப் பேச மாட்டேங்குதான். முன்னல்லாம் விடிஞ்சா, 'ஏலே செத்த பயலுவளா, எந்திரிங்கலே'ன்னு போடுவான். இப்ப 'சரி'ங்குதான். 'ம்'ங்குதான். போன வாரம் என்ன போட்டான் தெரியுமா, 'வாங்க'ன்னு போட்டான். 'கோவில்பட்டியில எறங்கி கழுகுமலை பஸ் ஏறி வாங்க'ன்னு. ரெண்டு வருசத்துல அவன் என்னைய வாங்கன்னு சொன்னதே கிடையாதுக்கா. வாலே பிணமேம்பான். அப்பமே பிரியா சொன்னா, ஆளு மனசு முறிஞ்சிருக்கான், ரெண்டு பேரும் நேர்ல போயிக் கால்ல விழுந்துருவோம்னு.

— பிரியான்னா அந்தச் சாம்பல்ராணியா?

— ஆமா. கிருஷ்ணப்ரியா. சென்னையில ஹாஸ்டல்ல இருக்கா. அவதான் கிட்டார். பாட்டை ஒட்டி வெட்டிச் சரி பண்ணுததும் அவதான். ரயில் லேட்டு, மத்தியானத்துக்கு மேல வருவா. நான் அவளையும் நேர்ல பாத்தது இல்ல. இன்னைக்குத்தான் மூணு பேரும் மொத மொதல்ல பாக்கப் போறோம்.

— தூத்துக்குடிக்கும் எங்க ஊருக்கும் ரெண்டு பஸ்ஸு. ரெண்டு வருசமா ஒரு நடை வர முடியலையா தம்பி?

— வரணும் வரணும்னு பேசிக்கிட்டேதான்க்கா இருந்தோம். மாதா திருவிழாவுக்கு வாலேன்னு நான் கூப்பிட்டேன். கழுகுமலைத் தேருக்கு வாலேன்னு அவன் கூப்பிட்டான். பெங்களூர்ல ஒரு கச்சேரி, அங்கன போயி மூணு பேரும் பாத்துக்கிடுவோம்னு டிக்கெட்டு வரைக்கும் பாத்தோம். ஒண்ணும் நடக்கல. சத்தியமாச் சொல்லுதேன், எனக்குக் கொஞ்சம் பயம்.

— என்ன பயம்?

— குரூப்புல அவன் பூதம், நான் பிணம். நேர்ல பாத்தா அவன் மொபைல் கடைப் பையன், நான் கோயில் டிரம்ஸ் பையன். பாத்ததும் சப்புனு ஆயிருமோன்னு.

— அவனுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும். கண்ணாடி முன்னால நின்னு மொறைச்சு மொறைச்சுப் பாப்பான். ஆளு ஒடக்கான் மாதிரி இருப்பான். மொறைச்சா அழுத மாதிரித்தான் இருக்கும்.

— அவன் ஆளு ஒல்லியா?

— காத்தடிச்சா சாஞ்சிருவான். நீங்க எப்படி நெனச்சீங்க?

— அந்தக் குரலுக்கு நான் ஒரு எருமை சைசுல நெனச்சிருந்தேன்.

— குரலு அவன் வயித்துல இருந்து வரல தம்பி. வேற எங்க இருந்தோ வரும். அது கெடக்கட்டும். வாங்க, இந்தப் பாதையில எறங்குவோம்.

— வீடு இந்தப் பக்கமாக்கா?

— வீடு பொறவு போவோம். அவன் ஸ்டுடியோவப் பாக்கணும்னு குரூப்புல கேட்டுக்கிட்டே இருந்தீங்கள்லா. மொதல்ல அதைக் காட்டுதேன்.

— அங்கனதான் இருக்கானா? அதானே பாத்தேன். ஸ்டுடியோவ ஒரு போட்டோ எடுத்துப் போடுலேன்னா போடவே மாட்டான். 'நேர்ல வாங்கலே, வாயப் பொளப்பீங்க'ம்பான். மெஷினே இல்லாம அங்கன எதிரொலி வரும்னு சொல்லுவான். நெசமாவாக்கா?

— மெஷினு கிடையாது. அது நெசம்தான். கீழ பாத்து வாங்க, வெடிப்புக்குள்ள கால் போயிரும்.

— ஐயோ, இம்புட்டு அகலமா இருக்கே. என் கையே உள்ள போயிரும் போல.

— கரிசக்காடு தம்பி. உளுந்தெடுத்து மண்ணு காயவும் பாளம் பாளமா வாயத் தொறந்துரும். போன வருசம் ஒரு ஆட்டுக்குட்டி காலு மாட்டி ஒடிஞ்சு போச்சு. மழை பேஞ்சா ஒண்ணும் தெரியாத மாதிரி மூடிக்கிடும்.

— இதைத்தான் பாட்டுக்குப் பேரா வச்சோம். அவன்தான் வச்சான். வரியெல்லாம் அவன்தான் எழுதினான். மண்ணுக்குக் கீழ கெடக்க ஒருத்தன் மேல பாத்துக் கத்துதான், வெடிப்பு வழியா அவன் சத்தம் வெளிய வருது. அதான் பாட்டு.

— வெளங்கும். நல்ல காரியமா நாலு வரி எழுதத் தெரியாதா அவனுக்கு?

— மெட்டல் பாட்டுல நல்ல காரியம் வராதுக்கா. சாவு, சுடுகாடு, சாம்பல் இதுதான். எங்க பேச்சே அப்படித்தான். சோறு தின்னுட்டு வாரேன்னு சொல்ல மாட்டோம், 'செத்துட்டு வாரேன்'போம். ஒருத்தன் பாடி அனுப்புதான், பதிவு அருமையா இருக்குன்னு வைங்க. 'நல்லா இருக்கு'ன்னு சொல்லுதது கிடையாது. 'புதைச்சாச்சு'ன்னு போடுவோம்.

— அப்படின்னா?

— டேக் ஓகே, இனி இதைத் தொட வேண்டாம், முடிஞ்சதுன்னு அர்த்தம். மூணு பேருல ரெண்டு பேரு புதைச்சாச்சுன்னு போட்டுட்டா அதுதான் கடைசி. அது அவன் கொண்டாந்த வழக்கம். அவன் லேசுல போட மாட்டான். என்னைய ஒரே அடியை நாப்பது தடவை அடிக்க விட்டுருக்கான்.

— உங்களை நாப்பது தடவை. அவன் எத்தனை தடவை பாடினான்?

— நெறைய அனுப்பினான். எல்லாம் சுமாரா இருந்துச்சு. பிரியா மூஞ்சியில அடிச்ச மாதிரிச் சொல்லிட்டா, 'குமாரு, நீ செத்தவன் மாதிரி பாடல, செத்தவன் மாதிரி நடிக்கிற'ன்னு. ரெண்டு நாளு ஆளக் காணும். பொறவு ஒரு வாய்ஸ் வந்துச்சு பாருங்க. எக்கா, சத்தியமா, அந்த மாதிரி நான் கேட்டதே இல்ல.

— சொல்லுங்க.

— ஆரம்பத்துல தொம்முனு ஒரு சத்தம். பெரிய கல்லத் தூக்கி உள்ள போட்ட மாதிரி. பொறவு ஒண்ணும் இல்ல. மூச்சு மட்டும். கொஞ்ச நேரம் மூச்சுதான் கேக்கும். பொறவு கீழ இருந்து எழும்பி வருதுக்கா அந்தக் குரலு. மனுசக் குரலே இல்ல. சொல்லு ஒண்ணும் வெளங்காது. ஒரு அடியை விட்டு அடுத்த அடிக்குப் போகவே மனசு இல்லாத மாதிரி திருப்பித் திருப்பிக் கத்துதான். போகப் போகத் தேயுது. கடைசியில நூலு மாதிரி ஆகி நின்னு போகுது. பிரியா ஒண்ணக்கூட வெட்டல. அந்த மூச்சக்கூட வெட்டல. 'மெஷின்ல வைக்க வேண்டிய தேய்வைத் தொண்டையிலயே வச்சிட்டான் பாவி'ன்னா.

— ம்.

— நெட்டுல ஏத்தின ரெண்டே நாள்ல எங்கெங்க இருந்தோ எழுதுதாங்க. பிரேசில்ல ஒருத்தன், 'உங்க பாடகன் நெசமாவே நரகத்துக்குப் போயிட்டு வந்திருக்கான்'னு எழுதியிருக்கான். அதை அவனுக்கு அனுப்பினேன். அதுக்கும் 'சரி'ன்னுதான் போட்டான். கேக்காம ஏத்தினது தப்புதான். ஆனா இம்புட்டுக் கோவம் ஆகாதுக்கா. நீங்களாவது சொல்லுங்க.

— நடங்க தம்பி. அந்தா, ஒத்த வேப்பமரம் நிக்குதுல்லா, அங்கனதான்.

— அங்கன கட்டடம் ஒண்ணும் இல்லையே.

— இல்ல.

— கிணறு மாதிரில்லா தெரியுது.

— கிணறுதான். எங்க தாத்தா வெட்டினது. தண்ணி வத்திப் பல வருசம் ஆச்சு. இந்தக் கத்தலை அவன் ஆரம்பிச்சப்ப வீட்டுலதான் கத்துனான். தலகாணிய மூஞ்சியில அமுக்கிக்கிட்டு. நான் தீப்பெட்டி ஆபீஸ்ல நாளெல்லாம் மெஷின் சத்தத்துல கெடந்துட்டு வந்து படுத்தா, அடுத்த ரூம்புல இவன் காளை மாடு கணக்கா. ஒருநா தொடப்பத்தத் தூக்கிட்டேன். 'ஏலே, மனுசர் இருக்க எடத்துல கத்தாத, எங்கயாவது பாழுங்கிணத்துல போயிக் கத்து'ன்னேன்.

— எக்கா…

— மறுநா சிரிச்சுக்கிட்டே வந்தான். 'எக்கா, நீ அறிவாளிக்கா. கிணத்துக்குள்ள குரலு சும்மா சுத்திச் சுத்தி வருது, லச்ச ரூவா கொடுத்தாலும் கிடைக்காது'ன்னான். அன்னையில இருந்து இதான் ஸ்டுடியோ. படிக்கல்லு நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க, அது வழியா எறங்குவான். ரொம்பக் குனியாதீங்க, தலை சுத்திரும்.

— சத்தியமா நாங்க இதை நெனக்கல. ஸ்டுடியோன்னா ஒரு ரூம்பு, சுத்தி மெத்தை ஒட்டி… சரி, அவன் எங்க? உள்ள இருக்கானா? ஏலே குமாரு. ஏலே பூதம், நான் வந்துட்டேம்லே.

— கூப்பிடாதீங்க.

— ஒளிஞ்சிருக்கானாக்கா?

— கூப்பிடாதீங்க தம்பி. அந்த மூணாவது கல்லப் பாருங்க. பாதிதான் இருக்கு. மீதி அவனோட சேந்து கீழ போயிருச்சு.

— எது?

— அந்தக் கல்லு. தைப்பூசத்தன்னைக்கு. மறுநா விடிய கொம்பையா மாமா ஆட்டுக்குத் தழை ஒடிக்க வந்தவரு எட்டிப் பாத்திருக்காரு. பொறவு கட்டிலக் கயத்துல கட்டி எறக்கித்தான் எடுத்தோம்.

— இல்ல. இல்லக்கா. அவன் போன வாரம் எனக்கு மெசேஜு போட்டான்.

— நான் போட்டேன்.

— நீங்களா?

— போனு நொறுங்கிப் போச்சு. அதே நம்பரை வாங்கி என் போன்ல போட்டேன். குரூப்புக்குள்ள போகப் பாஸ்வேர்டு கேட்டுச்சு. அவன் பேரு போட்டுப் பாத்தேன், அம்மா பேரு போட்டுப் பாத்தேன், தெறக்கல. என் பேரைப் போட்டேன், தெறந்துக்கிடுச்சு. உள்ள போனா நீங்க அவனைத் திட்டிக்கிட்டு இருக்கீங்க. 'ஏலே பூதம், செத்துட்டியா'ன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு நான் என்ன எழுதுவேன்? 'ம்'ன்னு போட்டேன்.

— எக்கா, நான் அப்படி… எங்க பேச்சு அப்படி…

— தெரியும். இப்பத்தானே சொன்னீங்க. கோவிச்சு ஒண்ணும் கேக்கல. வேப்பமரத்து நெழல்ல உக்காருங்க. தண்ணி வச்சிருக்கேன், குடிங்க.

— குமாரு செத்துட்டானா?

— குடிங்க தம்பி.

— நாங்க வந்து கால்ல விழணும்னு… நான் ஒரு பனியன் வாங்கிட்டு வந்திருக்கேன்க்கா அவனுக்கு. பெரிய சைசு.

— கொண்டாங்க. வீட்டுல வைப்போம்.

— தைப்பூசம்னா சொன்னீங்க?

— தைப்பூசம்தான். சாயந்தரம். கடைக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கான். ராத்திரி வரலன்னதும், கடைக்குத் திரும்பிப் போயி அங்கனயே படுத்திருப்பான்னு நாங்களும் விட்டுட்டோம். அடிக்கடி அப்படிச் செய்வான்.

— தைப்பூசம்…

— என்ன தம்பி, தைப்பூசத்துக்கு என்ன?

— ஒண்ணும் இல்லக்கா. வெயிலு.

— டாக்டரு தலையிலதான் அடின்னாரு. விழுந்த ஒடனேயே முடிஞ்சிருக்கும், வலிகூடத் தெரிஞ்சிருக்காது, ஒரு சத்தம் போட்டிருக்க மாட்டான்னாரு. எங்கம்மா அந்தப் பேச்சப் பிடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாளு ஒரு வாய் சோறு தின்னா. 'எம்புள்ள துடிக்கல, அது போதும்'னு நாளைக்குப் பத்து தடவை சொல்லிக்கிடுவா.

— ஆமாக்கா. டாக்டரு சொன்னா சரியாத்தான் இருக்கும்.

— எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. அதைக் கேக்கத்தான் உங்களை மொதல்ல இங்கன கூட்டியாந்தேன். அந்தப் போன்ல எனக்குப் பழசெல்லாம் எடுக்கத் தெரியாது, கடைசியா நீங்க போடுததுக்கு 'சரி' போடத்தான் தெரியும். அந்த வாய்ஸு, கல்லு விழுத சத்தம்னீங்களே, அது என்னைக்கு வந்துச்சு?

— அதுவாக்கா? அது… அது முந்தின வாரமே வந்துருச்சு.

— முந்தின வாரமா? ரெண்டு நாளு ஆளக் காணும்னீங்களே.

— ஆமா. ரெண்டு நாளு பேசாம இருந்தான், பொறவு பாடி அனுப்பினான். அதெல்லாம் தைப்பூசத்துக்கு மின்னாடியே முடிஞ்சு போச்சுக்கா. அதுக்குப் பொறவும் பேசினான். நல்லாச் சந்தோசமாத்தான் பேசினான்.

— அந்தத் தொம்முங்கிற சத்தம்?

— கல்லுதான். ஆரம்பத்துல ஒரு அடி வேணும்னு நான்தான் கேட்டேன். கல்லத் தூக்கிப் போடுதேம்லேன்னான். போட்டான்.

— அந்த மூச்சு?

— பாடுததுக்கு மின்னால இழுத்துப் பிடிப்பாங்கக்கா. பழக்கம் அது.

— நானும் அந்தப் பாட்டைக் கேட்டேன் தம்பி.

— நீங்களா? எதுல கேட்டீங்க?

— எங்க தெருவுல இப்ப எல்லாப் பயலும் அதான் வச்சிருக்கான். சொல்லு ஒண்ணும் வெளங்காதுன்னீங்க. உங்களுக்கு வெளங்காது. அடுத்த ரூம்புல தலகாணிக்குள்ள அவன் கத்தினதக் கேட்டுக்கிட்டே படுத்தவளுக்கு ஒவ்வொரு சொல்லும் வெளங்கும். அதுல 'எம்மா'ங்கான்.

— அது பாட்டுல வாரதுக்கா.

— 'எம்மா, எம்மா'ன்னு திருப்பித் திருப்பிக் கூப்பிடுதான்.

— பாட்டுல வார வரிதான். மண்ணைத்தான் எம்மாங்கான். மண்ணுக்குக் கீழ கெடக்கவன் மண்ணையே ஆத்தான்னு கூப்பிடுதான். எழுதி அனுப்பினதை நான் படிச்சிருக்கேன்.

— 'கயிறு'ங்கான்.

— அதுவும் வரிதான். மேல தூக்கி விடச் சொல்லிக் கேக்கான், அந்தச் செத்தவன். கதை அப்படிக்கா.

— நெசமா?

— சத்தியமாக்கா.

— நீங்க எறங்கினதுல இருந்து மூச்சுக்கு மூச்சு சத்தியம்தான் பண்ணுதீங்க. அந்தச் சத்தியம் எனக்கு வேண்டாம். எந்தக் கோயில்ல டிரம்ஸ் வாசிக்கீங்களோ, அந்தச் சாமி மேல சொல்லுங்க.

— அக்கா…

— என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. கிணத்தப் பாக்காதீங்க.

— ஏசப்பா மேல சத்தியமா. அது பாட்டுதான். முந்தின வாரம் பாடினது. அவன் அதுல யாரையும் கூப்பிடல.

— ம். நல்லாருங்க.

— போன் அடிக்குதுக்கா. பிரியாதான்.

— எடுக்காதீங்க. ரயிலு எறங்கிருப்பா, பஸ் ஏறி வரட்டும். அதுக்குள்ள நான் சொல்ல வேண்டியதச் சொல்லிருதேன். எனக்குப் பழசெல்லாம் எடுக்கத் தெரியும் தம்பி.

— என்னதுக்கா?

— எல்லாம் படிச்சேன். நீங்க பேச ஆரம்பிச்ச நாள்ல இருந்து. தைப்பூசத்தன்னைக்குப் பொழுது சாய வந்து விழுந்திருக்கு அந்த வாய்ஸு. அதுக்குக் கீழ 'புதைச்சாச்சு'ன்னு அந்தப் பிள்ளை. அதுக்குக் கீழ 'புதைச்சாச்சு'ன்னு உப்புப்பிணம். ரெண்டு பேரு போட்டா முடிஞ்சதுன்னீங்கள்லா.

— எல்லாம் தெரியுமாக்கா உங்களுக்கு?

— ஏலே, அங்கன உக்காராத. திட்டு இடிஞ்சு கெடக்கு. இங்கன வா. வான்னா வா.

— ரெண்டு பேரும் கேட்டோம்க்கா. ஹெட்போனு போட்டு, கண்ண மூடி, திரும்பத் திரும்பக் கேட்டோம். அவன் உயிரோட கத்திக்கிட்டு இருந்திருக்கான். ஒரு போன் அடிச்சிருந்தா… ஏன் எங்களுக்கு அனுப்பினான்? உங்களுக்கு அனுப்பியிருக்கலாமே.

— பாட்டுப் பதியத்தானே எறங்கினான். போனு பதிஞ்சுக்கிட்டு இருக்கும்போதே கல்லு பேந்திருக்கு. கண்ணாடி தூள் தூளாக் கெடந்துச்சு. அதுல அனுப்புததுக்கு அமுக்குத அந்த ஒரு எடம்தான் வேலை செஞ்சிருக்கும். அமுக்கியிருக்கான். உங்ககிட்டத்தான் வரும்னு அவனுக்குத் தெரியும். கேப்பீங்கன்னும் தெரியும்.

— கேட்டோம். கேட்டுட்டுப் புதைச்சாச்சுன்னு போட்டோம். நாங்கதான்க்கா கொன்னுட்டோம்.

— நீங்களா? தூத்துக்குடியில இருந்தா? மாடத்தி சித்தி அந்தா அந்த வரப்புல ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தா. அவ காதுல விழுந்திருக்கு. சாயந்தரம் வீட்டு வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனா. 'ஏட்டி செல்வி, உந்தம்பி இன்னைக்கு என்னமாப் பாடுதான்'ன்னா. நான் அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன். 'தொண்ட கிழிஞ்சு போட்டும்'னேன். உங்களுக்குப் போன்ல கேட்டுச்சு. எனக்கு நடந்தா எட்டுத தூரம்.

— அக்கா.

— அதனால உங்களத் திட்டுததுக்கு எனக்கு வாய் இல்ல. மாடத்தி சித்திகிட்டயும் சொல்லிட்டேன், அம்மா காதுல இது விழுந்துச்சுன்னா நான் இந்தக் கிணத்துலயே எறங்கிருவேன்னு. கண்ணத் தொடைங்க.

— அந்தப் பாட்டை இன்னைக்கே எடுத்துருதேன். யாரும் கேக்க வேண்டாம்.

— எடுக்கக் கூடாது. எடுத்தா பாட்டு இல்லன்னு ஆயிரும். அங்கனயே கெடக்கட்டும். ஊரே அதைப் பாட்டுன்னு கேக்கட்டும்.

— பிரியாகிட்ட என்ன சொல்ல? அவளுக்கு வாய்ஸு வந்த தேதி தெரியும். முந்தின வாரம்னு அவகிட்டச் சொல்ல முடியாது.

— அந்தப் பிள்ளைதானே 'செத்தவன் மாதிரி பாடு'ன்னது?

— ஆமாக்கா. அவ தாங்க மாட்டா.

— அப்ப அதுகிட்ட, அவன் செத்த தேதிய நான் மாத்திச் சொல்லிக்கிடுதேன். மாசியில செத்தான்னு சொல்லிருதேன். வண்டியில இருந்து விழுந்தான்னு சொல்லிருதேன். நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க.

— இம்புட்டும் தெரிஞ்சுக்கிட்டு, என்னைய எதுக்குக்கா அந்தச் சத்தியம் பண்ண வச்சீங்க? கோயிலுக்குள்ள நான் எப்படிப் போவேன்?

— பக்கத்து வீட்டுக் கருத்தையா மகன் போன வாரம் போனைக் கொண்டாந்து, 'குமாரண்ணன் பாட்டு'ன்னு எங்கம்மா காதுல வச்சுட்டான். அன்னையில இருந்து டாக்டரு பேச்சும் எடுபடல, ஒரு பருக்கை எறங்கல. 'ஏட்டி, அவன் என்னையல்லா கூப்பிடுதான்'ங்கா. பாட்டும்மான்னேன், நம்பல. பாட்டுக்காரங்க வந்து சொல்லட்டும்னுட்டா. எந்திரிலே, போவோம். அவ சுடலைமாடன் மேல கையடிச்சுக் கேப்பா, நீ தடுமாறாமச் சொல்லுவியான்னு பாத்துக்கிட்டேன்.